அழச் சொல்லாமல் நடிக்கச் சொல்லிக்கொடுப்பது: நாடக வகுப்பறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தரம் 10 வகுப்பு. அண்ணன் கட்டாருக்குப் போகிற காட்சி. தங்கையாக நடித்த பிள்ளை "போகாத அண்ணா" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்கினாள். பின்வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னும் கொஞ்சம் உணர்ச்சியா அழு மகள்" என்றேன். தோள் இன்னும் வேகமாகக் குலுங்கியது.

"சேர், எனக்கு அழுகை வருதில்ல."

அடுத்த நாள் ஒரு பயணப்பையும் கொஞ்சம் உடுப்பும் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். "நீ அழ வேணாம். இந்தப் பை 30 கிலோவுக்கு மேல போகக்கூடாது. இப்ப ரெண்டு கிலோ கூட இருக்கு. அம்மா கட்டித்தந்த கருவாடு, அண்ணன்ட சப்பாத்து, அப்பாட பழைய சாரம், இதில எதையாவது வெளியில எடு. பஸ்ஸுக்குப் பத்து நிமிசம்தான் இருக்கு" என்றேன். அவள் சப்பாத்தை எடுத்தாள், திரும்ப வைத்தாள். கருவாட்டுப் பொட்டலத்தை மணந்து பார்த்து, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்து, அதையும் வைத்தாள். சாரத்தை எடுத்து மடித்து, விரித்து, இன்னும் சின்னதாக மடித்துப் பையின் ஓரத்தில் திணித்தாள். "போகாத அண்ணா" என்பதைப் பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பின்வாங்கில் ஒரு சத்தமும் இல்லை.

அன்றிலிருந்து வகுப்பில் உணர்ச்சியைக் கேட்பதை விட்டுவிட்டேன். வேலையைக் கொடுக்கிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை ஒட்டியே வளர்ந்தவை. தரம் 9 முதல் 11 வரையான வகுப்புக்கு ஒரு தவணையில் செய்து முடிக்கலாம். உயர்தரத்துக்கும் ஒத்துவரும்.

முதல் படி: இடத்தைப் பிடிப்பது

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கம் பெரும்பாலான பாடசாலைகளில் நாடகத்துக்கென்று தனி அறை கிடையாது. மண்டபம் இருந்தாலும் அதில் பரீட்சை, இல்லாவிட்டால் கூட்டம். ஆகவே வகுப்பறையையே களரியாக்க வேண்டும், அதாவது ஆடுகளமாக்க வேண்டும். மேசை கதிரைகளைச் சுவரோரம் தள்ளி நடுவில் வட்டம் எடுங்கள். முன்னால் மேடை, எதிரே பார்வையாளர் என்று வைக்காதீர்கள். பிள்ளை உடனே கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று ஒப்புவிக்கத் தொடங்கிவிடும். கூத்துக்களரி வட்டமானது, சனம் நாலு பக்கமும் இருக்கும், ஆடுபவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பறையிலும் அப்படி இருந்தால் பிள்ளை ஒளிய இடமில்லை. கொஞ்ச நாளில் ஒளியவும் தோன்றாது.

பாடவேளை ஒரு மணித்தியாலம்கூட இல்லை. தளபாடம் நகர்த்த ஐந்து நிமிடம் போய்விடும். முடிந்தால் அதிபரிடம் சொல்லி வாரத்தில் ஒருநாளாவது இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்குங்கள். பக்கத்து வகுப்பில் கணிதம் நடந்தால் சத்தப் பிரச்சினை வரும், அதற்கும் அந்த ஆசிரியரிடம் முதலே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. கார்த்திகை, மார்கழியில் மழை தகரக் கூரையில் கொட்டும்போது யார் பேசினாலும் கேட்காது. அந்த நாட்களை ஊமத்துக்கு, அதாவது பேச்சில்லாத நடிப்புக்கு, ஒதுக்கிவிடுங்கள். மழை நாளில் ஊமம் செய்த பிள்ளைகள்தான் எனக்குக் கையைச் சரியாகப் பாவிக்கப் பழகியவர்கள்.

இரண்டாம் படி: உடம்பை எழுப்புவது

வெளிநாட்டுக் கைநூல்களில் நூறு உடற்பயிற்சி இருக்கும். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஒரு மேசையைத் தட்டினால் மத்தளம். கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியில் பாத்திரம் களரிக்குள் வரும் வரவுத் தாளம் ஒன்றை வாயால் சொல்லிக்கொண்டு, வட்டமாக, முதலில் நடையாக மட்டும் விடுங்கள். பாதம் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் இளகியிருக்க வேண்டும். பிறகு மெல்ல வேகம். ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் வியர்க்கும், வெட்கமும் அதோடு கொஞ்சம் கரைந்துபோகும்.

அதே தாளத்தில் அரசன் வருவது எப்படி, மந்திரி வருவது எப்படி, கட்டியகாரன் வருவது எப்படி என்று மாற்றிக் கேளுங்கள். கூத்தில் பாத்திரத்துக்குப் பாத்திரம் வரவு வேறு. வாய் திறக்கும் முன்பே காலைப் பார்த்து ஆளை அறிந்துகொள்ளலாம். நடிப்பின் பாதிப் பாடம் அதற்குள் இருக்கிறது. ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் இருந்தால் ஒரு நாளைக்கு அழைத்துவாருங்கள். நான் ஒரு மாதம் சொன்னதை அவர் அரை மணியில் ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் கற்பிப்பவர்கள் பொல்லடி ஆட்டத்தை எடுக்கலாம். இரண்டு தடி, ஒரு தாளம், எதிரே நிற்பவரின் கண். கவனம் சிதறினால் விரலில் அடி விழும், அதைவிட நல்ல கவனப் பயிற்சி எனக்குத் தெரியாது.

தொடுவது பற்றி முதல் நாளே ஒரு விதி போடுங்கள்: கேட்காமல் யாரும் யாரையும் தொடக்கூடாது, ஆசிரியர் உட்பட. ஆண் பெண் கலந்த வகுப்பில், பல வீட்டுப் பழக்கம் கலந்த வகுப்பில், இது இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே யாரோ ஒருவரின் தாய் வாசலில் நிற்பார். தொடாமல் செய்யக்கூடிய பயிற்சி ஏராளம் உண்டு. பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவால் செய்வித்த ஒன்று: ஒருவர் உள்ளங்கையை மற்றவரின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் பிடிப்பார், கை போகிற பக்கமெல்லாம் அதே தூரத்தில் முகம் போக வேண்டும். கையை வைத்திருப்பவர் மெதுவாகப் போனால்தான் மற்றவரால் பின்தொடர முடியும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பார்த்துவரச் சொல்வது

வீட்டுவேலை கொடுங்கள். எழுத்து வேலை வேண்டாம், ஒரு ஆளைப் பார்த்துவர வேண்டும். சந்தையில் மீன் வெட்டுபவர், கோயில் வாசலில் செருப்புக் காவல் இருப்பவர், ஓட்டோவில் காத்திருப்பவர், கரைவலை இழுப்பவர்களில் கடைசியாக நிற்பவர். பத்து நிமிடம் பார்த்து, அவர் திரும்பத் திரும்பச் செய்த மூன்று விசயங்களைக் கொண்டுவர வேண்டும். "அவர் கவலையா இருந்தார் சேர்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். "என்ன செய்தார்?" என்று கேளுங்கள். "காசை எண்ணிட்டு, திரும்பவும் எண்ணினார்" என்று வந்தால் அது நடிக்கக்கூடியது.

ஒரு எச்சரிக்கை. பார்ப்பது கேலியாக மாறக்கூடாது. நடக்கக் கஷ்டப்படுகிறவரை ஒரு பையன் அப்படியே செய்து காட்டினான், வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் சத்தம் போடவில்லை. "அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார், கையில் என்ன இருந்தது?" என்று மட்டும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் போய்ப் பார்த்து வந்தான். பேரப்பிள்ளைக்குச் சோற்றுப் பார்சல். மறுபடி நடித்துக் காட்டியபோது, காலைவிட அந்தப் பார்சலைத்தான் பத்திரமாகப் பிடித்திருந்தான்.

நான்காம் படி: குரல்

குரல் என்றதும் கத்தச் சொல்கிறோம். மைக் இல்லாத காலத்தில் கூத்தர்கள் விடிய விடிய ஆடிப் பாடினார்களே, அவர்கள் தொண்டையால் கத்தியிருந்தால் நடுச்சாமத்துக்கு முன்னரே குரல் கட்டியிருக்கும். மூச்சு விலாவிலிருந்து வர வேண்டும். இரண்டு கையையும் விலாவில் வைத்து, மூச்சை இழுக்கும்போது கை விலகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு "ஸ்ஸ்" என்று ஒரே சீராக விட வேண்டும், முதல் வாரம் 10 எண்ணும்வரை, மெல்ல மெல்ல 20 வரை. தோள் மேலே ஏறினால் பிழை.

அடுத்தது உச்சரிப்பு. ல, ள, ழ தடுமாறும், அது எங்கும் உள்ள கதை. எனக்குப் பெரிய பிரச்சினையாகப் படுவது வேறு: எங்கள் பிள்ளைகள் வசனம் என்றவுடன் வாயில் இல்லாத ஒரு மேடைத் தமிழுக்குத் தாவுகிறார்கள். வீட்டில் "இஞ்ச வா" என்கிற பிள்ளை மேடையில் "இங்கே வாருங்கள் அம்மா" என்கிறது. பாத்திரம் படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம்) விவசாயி என்றால் அவர் தன் பேச்சில் பேசட்டும். இராசா என்றால் செந்தமிழ் பேசட்டும். இரண்டையும் பழக்க வேண்டும், எது எப்போது என்று தெரிந்தால் போதும்.

ஐந்தாம் படி: யார், எங்கே, எதற்கு, என்ன தடை

நேரம் இல்லை என்றால் மற்றப் படிகளைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

ரஷ்ய நெறியாளர் ஸ்ரனிஸ்லவ்ஸ்கி (1863–1938) நடிகனிடம் கேட்கச் சொன்ன கேள்வி எளிமையானது: இந்தச் சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்? "என்ன உணர்வேன்" என்று கேட்கவில்லை, கவனியுங்கள். செய்வதைக் கேட்டால் பிள்ளையால் பதில் சொல்ல முடியும்.

நான் அடிக்கடி பாவிக்கும் களம், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற பாதை. ஆளேற்றும் மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். ஆட்களும் மோட்டார்சைக்கிள்களும் ஒரே மிதவையில் ஏறிப் போகிற இடம். எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. சுண்ணக்கட்டியால் நிலத்தில் ஒரு நீள்சதுரம் கீறுங்கள், அதுதான் பாதை. ஐந்து பேருக்கு ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். மற்றவர்களின் துண்டில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியக்கூடாது.

ஒருவருக்கு: அக்கரையில் பரீட்சை, 20 நிமிடம்தான் இருக்கிறது, பாதையைச் சீக்கிரம் எடுக்கவைக்க வேண்டும். இன்னொருவருக்கு: என் மகன் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறான், அவன் வரும்வரை பாதையை நிறுத்த வேண்டும். மூன்றாமவருக்கு: இங்கே ஒருவரிடம் கடன் வாங்கியிருக்கிறேன், அவர் என்னைக் காணக்கூடாது. நான்காமவர்தான் கடன் கொடுத்தவர், ஆனால் அவருக்கு அது மறந்துவிட்டது. கலியாண அழைப்பிதழ் கொடுக்க ஆளைத் தேடுகிறார். ஐந்தாமவர் பாதைக்காரர், அவருக்கு ஒரே ஒரு நோக்கம்: யாருடனும் சண்டை பிடிக்காமல் இந்த நாளை முடிப்பது.

பிரதி இல்லை, ஒத்திகை இல்லை, உடனே தொடங்கச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பரவாயில்லை. இரண்டாம் தடவை ஒரு விதி சேருங்கள்: ஆளுக்கு மூன்று வசனம் மட்டும். அவ்வளவுதான், காட்சி மாறிவிடும். பேச்சுக் குறைந்ததும் உடம்பு வேலை செய்யத் தொடங்கும். கடன் வாங்கியவர் மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் குந்துவார். தாய் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் பாதையிலும் வைத்துக்கொண்டு நிற்பாள். இதை நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு மாணவி தானாகச் செய்தாள்.

காட்சி நடக்கும்போது கையைத் தட்டி "உறை" என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் கேளுங்கள்: இவருக்கு என்ன வேண்டும்? பார்த்தே சொல்ல முடிந்தால் நடிப்பு சரி. சொல்ல முடியவில்லை என்றால் நடிப்பவருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இதே படியில் ஒரே ஒரு சொல்லை வைத்தும் வேலை செய்யலாம். "வந்திட்டியா?" என்ற சொல்லை எடுங்கள். பிந்தி வந்தவனைக் குத்திக்காட்ட, பயந்து காத்திருந்த தாய் நிம்மதியில், ஒளித்துவைத்ததை மறைத்துக்கொண்டு, இன்னொருவருக்குக் கேட்கும்படி எச்சரிக்க, மன்னிப்புக் கேட்க வழி தேடி. சொல் ஒன்றுதான். எப்படிச் சொல்வது என்று நீங்கள் சொல்லிக்காட்டாதீர்கள். எதற்காகச் சொல்கிறாள் என்பதை மட்டும் கொடுங்கள்.

சொல்லிக்காட்டுவதன் கேட்டை நான் பட்டே அறிந்தேன். ஒரு வருடம் தமிழ்மொழித்தினப் போட்டிக்காக ஐந்து பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு வசனத்தையும் நானே சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். ஏற்றம், இறக்கம், இடைவெளி எல்லாம் அச்சொட்டாக வந்தது. போட்டி முடிந்து நடுவர்களில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேடையில அஞ்சு பேரும் நீங்கதான் நிண்டீங்க சேர்" என்றார். அன்று திரும்பி வந்த பஸ்ஸில் பிள்ளைகளோடு நான் அதிகம் பேசவில்லை.

ஆறாம் படி: மெய்ப்பாடு

உணர்ச்சியைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. தொடும் வழி வேறு. பாடத்திட்டத்துக்காக நவரசத்தை மனப்பாடம் செய்வித்து ஒன்பது முகம் காட்டச் சொல்வது வழக்கம். அதற்கு முன் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை, உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் பகுதியை, ஒருமுறை திறந்து பாருங்கள். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணம் கொடுக்கிறது. அழுகைக்கு இளிவு (இழிவு), இழவு, அசைவு (நிலை தாழ்தல்), வறுமை. அச்சத்துக்கு அணங்கு (தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). வெகுளிக்கு உறுப்பறை (உறுப்பை வெட்டுதல்), குடிகோள் (குடிக்குக் கேடு செய்தல்), அலை (வைது அடித்தல்), கொலை. முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்கிற நூல் அது. நடிப்பு ஆசிரியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

பயிற்சி இப்படி: எட்டையும் நான்கு காரணங்களோடு 32 துண்டுகளாக எழுதுங்கள். பிள்ளை ஒரு துண்டை எடுக்கும். "அழுகை, இழிவு" என்று வந்தால், அழுகையை மறந்துவிட்டு, இழிவு நேர்கிற ஒரு நிமிடக் காட்சியைச் செய்ய வேண்டும்: எல்லோருக்கும் தேநீர் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை. "அழுகை, வறுமை" என்றால் வேறு காட்சி, வேறு உடம்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அழுகை என்று ஒரு முகம் கிடையாது என்பது வகுப்புக்கே விளங்கிவிடும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சொந்த வாழ்க்கையின் துக்கத்தை நினைத்து அழச் சொல்லும் பயிற்சி சில கைநூல்களில் இருக்கிறது. எங்கள் வகுப்பறையில் அதைச் செய்யாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி கரையோரம் முழுக்க என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும், யுத்தம் என்ன செய்தது என்பதும் தெரியும். இப்போதுள்ள பிள்ளைகள் அதற்குப் பின் பிறந்தவர்களாக இருக்கலாம், ஆனால் மாலை போட்ட படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஒரு பிள்ளையின் உள்ளே எதைத் திறக்கிறோம் என்று தெரியாமல் திறந்துவிட்டு, மணி அடித்ததும் விஞ்ஞானப் பாடத்துக்கு அனுப்ப முடியாது. ஸ்ரனிஸ்லவ்ஸ்கியே கடைசிக் காலத்தில் உணர்ச்சி நினைவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு உடற்செயல்களிலிருந்து தொடங்கும் முறைக்குத்தான் போனார். கற்பனைக் காரணம் போதும். தானாக ஒரு பிள்ளை கலங்கிவிட்டால் காட்சியை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், வட்டத்தில் அவளைக் கேள்வி கேட்காதீர்கள். பிறகு தனியே, இன்னொரு ஆசிரியையும் இருக்கும்போது பேசலாம்.

ஏழாம் படி: பிரதிக்குப் போவது

இவ்வளவுக்கும் பிறகுதான் எழுதிய நாடகம். கூத்தில் சட்டங்கொடுத்தல் என்று ஒன்று உண்டு, பாத்திரத்தை ஆளுக்குப் பிரித்து அவரவர் பாட்டையும் வசனத்தையும் கையில் கொடுப்பது. குரலையும் உடலையும் அறிந்த அண்ணாவியார் பார்த்துக் கொடுப்பார். வகுப்பில் அதைச் சற்று மாற்றிச் செய்யுங்கள்: முதல் இரண்டு வாரம் எல்லோரும் எல்லாப் பாத்திரத்தையும் வாசிக்கட்டும். வழக்கமாக முன்னால் நிற்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு மூன்று வரிப் பாத்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள். கூச்சப்படுகிற பிள்ளைக்குக் கையில் வேலையுள்ள பாத்திரம் கொடுங்கள்: தேங்காய் திருவ, வலை பொத்த, கணக்கு எழுத. கைக்கு வேலை இருந்தால் வாய் தானாக வரும்.

வசனம் பாடமாக்கும் முன் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு வினைச்சொல் எழுதச் சொல்லுங்கள்: கெஞ்சுகிறாள், தடுக்கிறாள், திசைதிருப்புகிறாள், சீண்டுகிறாள். "கவலையாக", "கோபமாக" என்று எழுதினால் அழிறப்பர்.

எட்டாம் படி: கூத்தையும் இயல்பு நடிப்பையும் குழப்பாமல் இருப்பது

இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். கூத்தில் அரசன் தன் கோபத்தை ஆடிப் பாடிச் சபைக்குச் சொல்கிறான். இயல்பு நாடகத்தில் அதே கோபத்தை எதிரே நிற்பவரிடமிருந்து மறைக்கப் பார்க்கிறான். ஒன்று பெரிது, மற்றது சிறிது என்று நினைக்கவேண்டாம். இரண்டிலும் நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தபோது, பாத்திரத்தின் உள்மனப் போராட்டத்துக்கும் ஆட்டத்தில் இடம் கிடைத்தது. அவர் அப்படிக் கொண்டுவந்த 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

வகுப்பில் செய்து பார்க்க: பாதைக் காட்சியில் கடன் வாங்கியவரை எடுங்கள். முதலில் இயல்பாக. பிறகு அதே ஆள் வடமோடி வரவில் களரிக்கு வந்து, தான் யார், ஏன் ஒளிகிறேன் என்று தருவாக, அதாவது கூத்துப் பாட்டாக, பாட வேண்டும். பிள்ளைகளே பாட்டுக் கட்டிவிடுவார்கள். வகுப்பில் சிரிப்பு அடங்க நேரம் எடுக்கும், அதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள்.

கடைசியில்: பேசுவதும் புள்ளி போடுவதும்

நடித்து முடித்தவுடன் "நல்லம்", "சரியில்லை" என்ற இரண்டு சொல்லையும் நான் வகுப்பில் தடைசெய்திருக்கிறேன். பார்த்தவர்கள் "நான் கண்டது..." என்று தொடங்க வேண்டும். "நான் கண்டது, அவ சாரத்தை ரெண்டு தரம் மடிச்சா." இப்படிச் சொன்னால் நடித்தவருக்கு எது வெளியே தெரிந்தது என்று தெரியும், யாருக்கும் மனம் நோகவும் செய்யாது. முதல் வாரம் மௌனமாக இருப்பார்கள். நீங்கள் இரண்டு சொல்லுங்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள்.

புள்ளிக்கு நான் பார்ப்பவை நாலு: நோக்கம் தெரிந்ததா, எதிரே இருப்பவரைக் கேட்டு நடித்தாரா, குரல் கடைசி வாங்குக்குக் கேட்டதா, சென்ற தடவையைவிட எது மாறியது. நாலாவதுக்கு ஒரு மடங்கு கூடவே கொடுப்பேன். கண்ணீருக்குத் தனிப் புள்ளி கிடையாது, அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், வீட்டில் வெங்காயம் மிஞ்சும்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வேலையை நிறுத்தி மேசை கதிரைகளைப் பழைய இடத்தில் வைப்பியுங்கள். சுண்ணக்கட்டியால் கீறிய பாதையையும் துடைப்பியுங்கள். நான் ஒருநாள் மறந்துபோனேன். அடுத்த பாடத்துக்கு வந்த கணித ஆசிரியை, "இது என்ன பிள்ளைகள்?" என்று கேட்டிருக்கிறார். "பாதை டீச்சர். ஏறுறதெண்டா ஏறுங்க, இப்ப வெளிக்கிடப்போகுது" என்றானாம் பாதைக்காரன்.